விண்கலத்தில் இருப்பது, எங்கள் மலையில் இல்லாதது

ஆபத்து வேளையில் முடிவெடுக்க வேண்டியது இயந்திரமா, மனிதரா? இந்தத் தலைப்பை விவாதத்துக்குக் கொடுத்தால் இரண்டு அணிகளும் என்ன பேசும் என்பதை எங்களில் யாரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இயந்திரத்துக்கு இரக்கம் கிடையாது, அது பழுதடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு தரப்பு கேட்கும். மனிதருக்குக் கை நடுங்கும், உறக்கம் வரும், பயத்தில் அறிவு மறைக்கும் என்று மறு தரப்பு சொல்லும். இரண்டிலும் உண்மை உண்டு என்று கூறி, நடுவர் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்தில் தீர்ப்பளிப்பார். எனக்கு இதில் எந்த அணியிலும் சேர விருப்பமில்லை. கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் என் கருத்து.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு மாணவி என்ற வகையில், விண்கலங்களுக்கான தன்னியக்க அவசரகால முறைமைகள் எப்படி உருவாகின என்பதை ஆர்வத்தோடு தேடி வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகிறது. ஆபத்து வந்த செக்கனில் முடிவெடுத்தது யார் என்பது அங்கே பெரிய கேள்வி அல்ல. ஆபத்து வருவதற்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்னரே அதைப்பற்றி யோசித்து வைத்தார்கள், அந்த யோசனை மனிதரை எந்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பவையே அங்கு கேட்கப்படும் கேள்விகள். 2025 நவம்பரைக் கண்ட கண்டி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இவை வானத்துக் கேள்விகளாக மட்டும் தோன்ற முடியாது.

நேரமும் தூரமும்

விண்கலத்தில் இயந்திரத்தின் கையில் ஏன் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள்? இரண்டு காரணங்கள். முதலாவது, நேரம் போதாது. இரண்டாவது, தூரம் அதிகம்.

நேரத்துக்கு ஓர் உதாரணம். 2018 ஒக்டோபர் 11ஆம் திகதி கசக்ஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயுஸ் விண்கலம் புறப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் இருவர்: ரஷ்யாவின் அலெக்ஸி ஒவ்சினின், அமெரிக்காவின் நிக் ஹேக். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில், பக்கவாட்டில் இருந்த நான்கு உந்துகலங்களுள் ஒன்று ஒழுங்காகப் பிரியாமல் றொக்கெட்டின் நடு உடலில் மோதியது. றொக்கெட்டைப் பொருத்தும்போது ஓர் உணரி சற்று வளைந்துபோனதே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. மோதிய கணத்தில் ஒருவரும் எவரையும் கேட்கவில்லை. கணினி பிழையை உணர்ந்தது, மீட்பு இயந்திரங்கள் இயங்கின, ஆட்கள் இருந்த பகுதி றொக்கெட்டிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டது, பரசூட் விரிந்தது, இருவரும் காயமின்றித் தரையிறங்கினர். ஐந்து மாதங்கள் கழித்து, 2019 மார்ச் 14இல், அதே இருவரும் அதே தளத்திலிருந்து மீண்டும் விண்ணுக்குப் போனார்கள்.

தூரத்துக்கு உதாரணம் வொயேஜர் 2. எங்கள் பெற்றோரே சிறுபிள்ளைகளாக இருந்திருக்கக்கூடிய 1977இல் ஏவப்பட்ட இந்தக் கலம் இப்போது சூரியனின் ஆதிக்க எல்லையையும் தாண்டி, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. 2020 ஜனவரியில் அது செய்யவேண்டியிருந்த ஒரு சுழற்சி தாமதமானது. அதனால் அதிக மின் இழுக்கும் இரண்டு தொகுதிகள் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்கின. கலத்தில் மின் குறைந்தால் எல்லாமே உறைந்துபோகும். பூமியிலிருந்து ஒரு கட்டளை அங்கே போய்ச் சேர அப்போது 17 மணித்தியாலங்கள் எடுத்தன. வொயேஜர் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. தன் விஞ்ஞானக் கருவிகளைத் தானே அணைத்து, மின்னைச் சேமித்து, பூமியுடனான தொடர்பை மட்டும் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தது. பூமியில் இருந்தவர்கள் நிதானமாக ஆராய்ந்து சில நாட்களில் அதைச் சரிசெய்தார்கள்.

விண்மீன்களை நோக்கி மனிதர் போகும் கலம் என்றாவது ஒருநாள் கட்டப்படுமானால் அதன் நிலை இன்னும் கடினம். செவ்வாயிலிருந்து கேட்கும் கேள்வி பூமிக்கு வந்துசேரவே, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் வரை எடுக்கும். சூரியனுக்கு அடுத்து மிக அண்மையில் இருக்கும் புரொக்சிமா சென்ரோரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து "தீப்பிடித்துவிட்டது, என்ன செய்ய?" என்று கேட்டால், பதில் கிடைக்க எட்டரை ஆண்டுகள் ஆகும். முதலாம் ஆண்டில் சேரும்போது கேட்ட கேள்விக்கு ஒன்பதாம் ஆண்டில் பதில் வருவதைப் போன்றது இது. ஆகவே அந்தக் கலத்துக்குத் தேவையான புத்தி முழுவதையும் புறப்படும் முன்பே அதற்குள் வைத்து அனுப்ப வேண்டும்.

இயந்திரத்துக்குள் இருக்கும் மனிதர்

இங்கே சிலர் ஆர்தர் சி. கிளார்க்கை நினைவூட்டுவார்கள். 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த அந்த எழுத்தாளர்தான், விண்கலத்தின் கணினி தன் பயணிகளையே கொல்லும் கதையை உலகுக்குத் தந்தவர். ஹால் என்ற அந்தக் கணினியின் பெயரைச் சொன்னாலே இயந்திரத்தின் மீது பயம் வரும். அதன் அடுத்த நாவலையும் வாசித்தவர்களுக்குத் தெரியும், ஹால் தானாகக் கெட்டுப்போகவில்லை. பயணிகளிடம் உண்மையை மறைக்கும்படி மனிதர்கள் அதற்குக் கட்டளையிட்டிருந்தார்கள். உண்மையைச் சரியாகச் சொல்வதற்கென்றே செய்யப்பட்ட கணினி, இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கதையிலும் பிழை இயந்திரத்துக்கு முன்னே, மனிதரின் மேசையில் தொடங்குகிறது.

நிஜத்தில் அந்த மேசையில் இருந்த ஒரு பெண்ணை நாம் அறிந்திருக்க வேண்டும். அப்பலோ விண்கலங்களின் பறப்பு மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹமில்டன். அவர் சில நாட்களில் தன் சிறு மகளையும் வேலைத்தளத்துக்கு அழைத்துப் போவார். ஒருநாள் அந்தக் குழந்தை பயிற்சிக் கருவியில் விளையாடும்போது, கலம் பறந்துகொண்டிருக்கும் நிலையில் அழுத்தக்கூடாத ஒரு கட்டளையை அழுத்திவிட, கருவி நின்றுபோனது. இதை விண்வெளி வீரரும் செய்யக்கூடும், ஒரு தடுப்பை எழுதிவிடுகிறேன் என்று ஹமில்டன் கேட்டார். நன்கு பயிற்றப்பட்ட வீரர்கள் அப்படிப் பிழை விடமாட்டார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பலோ 8 சந்திரனிலிருந்து திரும்பி வரும்போது, ஜிம் லவல் என்ற அனுபவம் மிக்க வீரர் அதே கட்டளையைத் தவறுதலாகக் கொடுத்தார். கலத்தின் நினைவிலிருந்த திசைத் தரவுகள் குழம்பின. நல்ல வேளையாக அவற்றை மீண்டும் அமைக்க முடிந்தது.

பிள்ளை செய்யும் பிழையைப் பெரியவரும் செய்வார் என்று ஒரு தாய் யோசித்ததில் இருக்கிறது அவசரகாலப் பொறியியலின் முழுப் பாடமும். அடுத்த ஆண்டு ஜூலை 20இல் அப்பலோ 11 சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கணினிக்குத் தாங்க முடியாத வேலை சேர்ந்து 1202 என்ற எச்சரிக்கை எண் திரையில் எரிந்தது. கணினி செயலிழக்கவில்லை. முக்கியம் குறைந்த வேலைகளைக் கீழே போட்டுவிட்டு, தரையிறங்கும் வேலையை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும்படி அது ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. எதை விட வேண்டும், எதைப் பிடித்திருக்க வேண்டும் என்பதை ஒரு பதற்றமும் இல்லாத பகல்பொழுதில் யோசித்து வைத்தவர்கள் மனிதர்கள். அந்த யோசனையை உரிய செக்கனில் எடுத்துக் கொடுத்தது மட்டுமே இயந்திரத்தின் பங்கு.

இயந்திரமும் கைவிடக்கூடும் என்பதையும் அவர்கள் யோசித்தார்கள். 1983 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பைக்கனூரில் ஏவுவதற்கு ஒன்றரை நிமிடம் இருக்கையில் சோயுஸ் றொக்கெட்டின் அடியில் தீப்பிடித்தது. தன்னியக்க மீட்புக்கான கம்பிகளே தீயில் எரிந்துபோயின. அப்படியானால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருந்தது. தரையில் இருந்த இரண்டு அதிகாரிகள் வானொலி வழியாக ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். மீட்பு உந்துகலம் தித்தோவ், ஸ்ட்ரெகலோவ் என்ற இருவரையும் தூக்கிக்கொண்டு பறந்தது. ஓரிரு செக்கன்களில் கீழே றொக்கெட் வெடித்துச் சிதறியது. அவர்கள் சுமார் நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் உயிரோடு இறங்கினார்கள்.

இதற்கு எதிர்ப்புறத்தில் சலெஞ்சர் விண்ணோடம் இருக்கிறது. 1986 ஜனவரி 28இல், புறப்பட்டு 73 செக்கன்களில் அது சிதறியபோது உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் கிறிஸ்ரா மெக்கோலிஃப் ஒரு பாடசாலை ஆசிரியை. வானத்திலிருந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போனவர். ஏறும்போது ஆபத்து வந்தால் ஆட்களைப் பிரித்தெடுத்துக் காப்பாற்றும் ஏற்பாடு அந்த விண்ணோடத்தில் இருக்கவில்லை. அதை மிகப் பாதுகாப்பான வாகனம் என்று நம்பியிருந்தார்கள்.

பயணிக்கு முன் தப்பும் வழி

அண்டை நாடான இந்தியா தன் ககன்யான் கலத்தைக் கட்டும் முறையில் என்னைக் கவர்ந்தது அதன் வரிசை. மனிதரை ஏற்றும் கலம் தயாராவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜூலை 5இல், ஸ்ரீஹரிக்கோட்டாவில் மீட்பு முறைமையைத் தனியாகச் சோதித்தார்கள். தரையில் நிற்கும்போதே ஆபத்து வந்தால் ஆட்கள் இருக்கும் பகுதியைத் தூக்கிக் கடலில் பத்திரமாக இறக்க முடியுமா என்பது அந்தச் சோதனை. 2023 ஒக்டோபர் 21இல் அடுத்த சோதனை: பறக்கும்போதே ஆபத்து வந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக, ஆளில்லாத கலத்தை ஏற்றிய றொக்கெட்டை அனுப்பி, நடுவானில் வேண்டுமென்றே பயணத்தைக் கைவிடச் செய்தார்கள். கலம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தூரத்தில் வங்காள விரிகுடாவில் இறங்கியது. கடற்படை அதை எடுத்து வந்தது.

அந்தக் காலைப்பொழுதில் நடந்த ஒரு சிறு விடயத்தை நான் அந்த வெற்றியைவிடப் பெரிதாக மதிக்கிறேன். மோசமான வானிலையால் ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சி முன்னால் இருந்தது. எண்ணிக்கை 5 செக்கன் வரை வந்தபோது, எதிர்பார்த்தபடி இல்லாத ஓர் அறிகுறியைக் கண்ட கணினி ஏவுதலை நிறுத்திவிட்டது. ஒருவரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. குறையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பத்து மணிக்கு றொக்கெட் புறப்பட்டது. நிறுத்துவதற்கு வெட்கப்படாத முறைமைதான் நம்பத்தக்க முறைமை.

இத்தனை உதாரணங்களிலிருந்தும் ஒரு முறைமையின் நான்கு வேலைகளைப் பிரித்தெடுக்கலாம். ஆபத்தை உணர்தல், முடிவெடுத்தல், செயற்படுதல், பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தல். விண்கலத்தில் இந்த நான்கும் ஒரே சங்கிலி. எச்சரிக்கை விளக்கை எரியவைக்கும் அதே சமிக்ஞைதான் மீட்பு இயந்திரத்தையும் பற்றவைக்கிறது. விளக்கு மட்டும் எரிந்து, ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கையிலேயே இருந்தால், அதற்கு மீட்பு முறைமை என்று எவரும் பெயர் வைக்கமாட்டார்கள்.

எங்கள் மலைகள்

இப்போது ஹந்தானையையும் கடுகண்ணாவையையும் தெல்தோட்டையையும் நிமிர்ந்து பாருங்கள்.

எங்கள் மலைகளிலும் உணரிகள் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தானியங்கி மழைமானிகளைப் பொருத்தியிருக்கிறது. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் அறிவித்தல் வரும். இது நல்ல விஞ்ஞானம். 150 மில்லிமீற்றர் என்றால் ஏதோ ஒரு சாண் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர். பத்துப் பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அந்தச் சின்னக் காணியின் மீது மட்டும் ஒரே நாளில் 38 தொன் தண்ணீர் விழுகிறது. சாய்வை வெட்டிக் கட்டிய வீட்டின் பின்புற மண்மேடு அதில் எவ்வளவைக் குடிக்கும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

ஆகவே முதல் இரண்டு வேலைகள், உணர்தலும் முடிவெடுத்தலும், எங்களிடம் ஓரளவுக்கு இருக்கின்றன. இல்லாதவை மற்ற இரண்டும். அறிவித்தல் கைப்பேசி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, அந்த இருட்டில், அந்த மழையில், எந்தப் பாதையால், எங்கே, யாரோடு போவது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அந்த நிமிடத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறது. அப்பலோவின் கணினிக்குக்கூட அப்படி ஒரு நிலை வர விடவில்லையே!

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கடந்தபோது நாட்டில் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது எங்கள் கண்டி மாவட்டம். ஒரு கலத்தில் பயணி ஏறுவதற்கு முன் தப்பும் வழியைச் செய்கிறார்கள். எங்கள் மலைகளில் பயணிகளை ஏற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. தப்பும் வழி இன்னும் பொருத்தப்படவில்லை.

அந்த இரவுகளில் பல இடங்களில் மின்சாரம் போனது. தொலைபேசிக் கோபுரங்களும் மௌனமாயின. 1983இல் பைக்கனூரில் கம்பி எரிந்ததும் இதுவும் ஒன்றுதான். கம்பி எரிந்தால் என்ன செய்வது என்று முன்பே யோசித்திருந்தால் மாற்றுவழி இருந்திருக்கும். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக்கு ஒரு பற்றரி, விகாரையின் மணி, கோவிலின் மணி, கையால் சுழற்றும் ஒரு சைரன் ஆகியவை போதும். மூன்று முறை இப்படி ஒலித்தால் இந்தக் கருத்து என்று ஊர் முழுவதும் முன்கூட்டியே பேசிவைத்திருக்க வேண்டும். பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் கடைகளுக்குள் தண்ணீர் புகும் அக்குறணைக்கும் இதே ஏற்பாடு பயன்படும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்தில் இருக்கும் என் தோழி ஒருத்தியின் பாட்டிக்கு அந்த நாட்களில் கைப்பேசியில் வந்த அறிவித்தல் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. பேத்தி பக்கத்தில் இருந்ததால் அர்த்தம் புரிந்தது. சோயுஸ் கலத்தில் பறக்கும் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் ரஷ்ய மொழி கற்றாக வேண்டும். கலத்தின் பலகையில் எழுதியிருப்பதும் தரையிலிருந்து வருவதும் அந்த மொழியில்தான். விண்வெளி வீரருக்கு அதற்கென ஆண்டுக்கணக்கில் பயிற்சி உண்டு. மலையில் இருக்கும் பாட்டியை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது? கருவிதான் அவருடைய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நிமிடத்தில் வராத எச்சரிக்கை, பாதிப் பயணிகளுக்கு மட்டும் விளக்கு எரியும் கலத்தைப் போன்றது.

பெண்ணின் அளவில் ஓர் ஆசனம்

சோயுஸ் கலத்தின் ஆசனத்தைப் பற்றி வாசித்தபோது வியந்தேன். ஒவ்வொரு பயணியின் உடலையும் அச்செடுத்து, அவருக்கென்றே தனியாக வார்க்கப்பட்ட மெத்தை அதில் பொருத்தப்படுகிறது. தரையில் மோதும் அதிர்ச்சியில் முதுகெலும்பு நொறுங்காமல் இருக்க வேண்டுமானால் ஆசனம் ஆளின் அளவுக்கு இருக்க வேண்டும். பொது அளவு என்று ஒன்று அங்கே கிடையாது.

ஆனாலும் விண்வெளித் துறை எல்லாவற்றிலும் அப்படி இருக்கவில்லை. 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து விண்வெளியில் நடக்கும் முதல் முயற்சி கைவிடப்பட்டது. அவர்கள் இருவருக்கும் பொருந்திய நடுத்தர அளவு உடையில் ஒன்றுதான் அங்கே தயார்நிலையில் இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 18இல்தான் கிறிஸ்ரினா கொக், ஜெசிகா மியர் இருவரும் அந்த நடையை நடந்தார்கள்.

நம்மூர் நலன்புரி நிலையங்களுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அவை யாருடைய அளவுக்கு ஆயத்தம் செய்யப்படுகின்றன? ஒரே மண்டபம், ஒதுக்கான மலசலகூடம் இல்லை, உடை மாற்ற ஒரு திரைகூட இல்லை என்று தெரிந்தால், வயது வந்த மகள் உள்ள தாய் "விடியட்டும், பார்க்கலாம்" என்றுதான் சொல்வாள். கைக்குழந்தைக்குப் பாலூட்டும் பெண் தயங்குவாள். இத்தாவில் இருக்கும் பெண் வாசலைத் தாண்டுவதா என்று குழம்புவாள். உயிராபத்து என்றால் அவள் வெளியேறலாம் என்பதை உலமாக்கள் மழைக்காலத்துக்கு முன்பே ஊருக்குத் தெளிவாகச் சொல்லி வைக்க வேண்டும். மண்மேடு அந்தத் தயக்கத்துக்காகக் காத்திருக்காது. ஒரு தடித்த திரை, பூட்டக்கூடிய இரண்டு மலசலகூடங்கள், பெண்கள் பகுதிக்குப் பொறுப்பாக ஒரு பெண்: இவை இருக்கின்றன என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தாய் நள்ளிரவிலும் புறப்படுவாள். மீட்பு முறைமையில் திரையும் ஒரு பாகம். அதைப் பொறியியலாளர் மறந்தால், எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

இரண்டு ஆட்சேபனைகள்

"நாங்கள் கடன்பட்ட நாடு, இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்று கேட்பார்கள். மலையில் இருந்து குடும்பங்களைப் பாதுகாப்பான காணிக்கு மாற்றுவதற்குப் பெரும் பணம் தேவை என்பது உண்மை. அதை அரசு செய்தே ஆக வேண்டும், பிற்போட முடியாது. அதுவரை செய்யக்கூடியவை மலிவானவை. பாதையில் வெள்ளை நிறம் பூசிய கற்கள். வெளியேறும் வீடுகளின் பட்டியல். நடக்க முடியாதவரைத் தூக்குவது யார் என்ற பெயர். மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லாவிட்டால் இரண்டாவது திறப்பு யாரிடம் என்ற விபரம். இவற்றுக்கு இரண்டு கூட்டங்களும் ஒரு கொப்பியும் போதும்.

"எச்சரிக்கை வந்து, வீட்டை விட்டுப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தால் அடுத்த முறை ஒருவரும் அசையமாட்டார்கள்" என்பது மற்றது. இது நியாயமான பயம். ஒன்றும் நடக்காத இரவை நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்ரீஹரிக்கோட்டாவில் 5 செக்கனில் நிறுத்திய கணினியை எவரும் கேலி செய்யவில்லை. சரியாத மலைக்காக வெளியேறிய இரவை வீணான இரவு என்று சொல்வதை நாங்கள் நிறுத்த வேண்டும். பாதை வழுக்கியதா, விளக்குப் போதுமாக இருந்ததா, எவ்வளவு நேரம் எடுத்தது என்று மறுநாள் குறித்து வைத்தால், அந்த இரவு இலவசமாகக் கிடைத்த ஒரு பரிசோதனை ஆகிவிடும்.

எங்கள் பங்கு

எங்களுள் சிலர் நாளை பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் போவார்கள். சிலர் மென்பொருள் எழுதுவார்கள். ஒருத்தி, யார் கண்டது, உண்மையான விண்கலம் ஒன்றின் அவசரகால முறைமையையே எழுதக்கூடும். அவர்கள் எல்லோரிடமும் நான் கேட்பது, வரைபடத்தை இறுதிப் புள்ளியிலிருந்து தொடங்குங்கள் என்பதே. மனிதர் எங்கே போய் இறங்குகிறார், இறங்கியபின் எப்படி இருப்பார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, பின்னோக்கி வந்து உணரியைப் பொருத்துங்கள். உணரியில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒலியோடு நின்றுவிடுகிறார்கள்.

மற்ற எல்லோருக்கும் அடுத்த மழைக்கு முன் முடிக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. எங்கள் பாடசாலையின் விஞ்ஞான மன்றமும் தமிழ் மன்றமும் சேர்ந்து, நேரான பக்கங்களைக் கொண்ட போத்தல்களால் மழைமானி செய்து, மலைச்சாய்வில் வசிக்கும் மாணவிகளின் வீடுகளுக்குக் கொடுக்கலாம். கூடவே தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டை. அதில் 75, 100, 150 என்ற மூன்று கோடுகள். 150க்கு நேரே போகும் இடத்தின் பெயர், பாதை, திறப்பு வைத்திருப்பவரின் பெயர், தூக்கிச் செல்ல வேண்டியவரின் பெயர் ஆகியவற்றை எழுத வெற்றிடங்கள். போத்தல் செய்ய ஒரு மணித்தியாலம் போதும். அந்த வெற்றிடங்களை நிரப்பத்தான் உம்மாவோடும் வாப்பாவோடும் அயல்வீட்டாரோடும் கிராம உத்தியோகத்தரோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். மழை இல்லாத இந்த நாட்களில் அந்தப் பேச்சைத் தொடங்கிவிடுவோம்.